புயலுக்கு முன் காலியாகும் கூண்டுகள்!

குட்டீஸ்... புயல் வரப்போகிறது என்றால் நம்ம ஊர் துறைமுகங்களில் கூண்டு ஏற்றுவார்கள். "கடலூரில் 3-ம் எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டது" என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் தென்பகுதியிலும் புயல் நேரத்தில் ஒரு கூண்டு வேலை நடக்கும். ஆனால், அது வேறு மாதிரி கூண்டு!

அங்கே ஊருக்கு ஊர் விலங்குகள் காப்பகம் உண்டு. நம்ம சென்னையில் புளூ கிராஸ் இருக்கிறதே, அது மாதிரி. வீடு இல்லாத நாய், பூனைகளை எடுத்து வந்து, சோறு போட்டு, ஊசி போட்டு, யாராவது வந்து "இது எனக்கு வேணும்" என்று கேட்கும் வரை வைத்திருப்பார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் போதும். இந்தக் கூண்டுகளை எல்லாம் அவசர அவசரமாகக் காலி செய்வார்கள். உள்ளே இருக்கும் நாய், பூனைகள் லாரியிலோ விமானத்திலோ ஏறி, ஆயிரம், இரண்டாயிரம் கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு காப்பகத்துக்குப் போய்விடும்.

புயலில் மாட்டிக்கொள்ளாமல் காப்பாற்றத்தானே என்கிறீர்களா? அதுவும்தான். ஆனால், அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு ஒரு பெரிய புயலும், ஒரு சின்னப் பையனின் அழுகையும் தேவைப்பட்டன.

"ஸ்நோபால்... ஸ்நோபால்!"

நியூ ஆர்லியன்ஸ் என்று ஒரு நகரம். லூசியானா மாநிலத்தில், மிசிசிபி ஆறு கடலில் போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊரில் பல பகுதிகள் கடல் மட்டத்தைவிடப் பள்ளம். ஒரு பெரிய சோற்றுக் கிண்ணத்துக்குள் ஊரைக் கட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். சுற்றிலும் கரை போட்டுத்தான் தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

2005-ம் ஆண்டு ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை. கேத்ரினா புயல் கரையைக் கடந்தது. தடுப்புக் கரைகள் உடைந்தன. கிண்ணத்துக்குள் தண்ணீர் கொட்டியது. ஊரில் 80 சதவீதப் பகுதி முழுகிவிட்டது. சில வீடுகளில் கூரை மட்டும்தான் வெளியே தெரிந்தது.

முந்தின நாளே, "எல்லாரும் ஊரைவிட்டு வெளியேறுங்கள்" என்று மேயர் உத்தரவு போட்டிருந்தார். கார் வைத்திருந்தவர்கள் கிளம்பினார்கள். அவர்களில் பலர் வளர்ப்புப் பிராணிகளை வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். 'இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம்' என்று நினைத்து, தட்டில் சாப்பாடும் வாளியில் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களைத் திட்டிவிடாதீர்கள். தங்கப்போகும் முகாம்களில் நாய்க்கு இடம் இல்லை. பல ஓட்டல்களிலும் அப்படித்தான். என்ன செய்வார்கள்?

கார் இல்லாதவர்கள் சூப்பர்டோம் என்ற பிரமாண்டமான விளையாட்டு அரங்கத்துக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். சில நாட்கள் கழித்து அவர்களை வேறு ஊருக்கு அழைத்துப்போக பஸ்கள் வந்தன. பஸ்ஸில் மனிதர்கள் மட்டும்தான் ஏறலாம்!

ஒரு சிறுவன் சின்ன வெள்ளை நாய்க்குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றான். பஸ்ஸில் ஏறப்போகும்போது ஒரு போலீஸ்காரர் அந்த நாயை வாங்கிவிட்டார். "ஸ்நோபால்... ஸ்நோபால்!" என்று கதறிய அந்தப் பையன், அழுது அழுது வாந்தியே எடுத்துவிட்டான். ஸ்நோபால் என்றால் பனிப்பந்து. செய்தித்தாளில் வந்த விஷயம் இவ்வளவுதான். பையனின் பெயர்கூட அதில் இல்லை. ஆனால், அந்தச் சில வரிகள் அமெரிக்கா முழுவதையும் உலுக்கின. 'ஸ்நோபாலைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பரிசு' என்று விளம்பரம்கூட வந்தது.

நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று வெள்ளத்துக்குள்ளேயே இருந்துவிட்டவர்களும் நிறையப் பேர். பிறகு எடுத்த ஒரு கணக்கெடுப்பில், ஊரைவிட்டு வெளியேறாமல் இருந்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல், 'வளர்ப்புப் பிராணியும் ஒரு காரணம்' என்று சொன்னார்கள். ஆக, இது நாய், பூனை விஷயம் மட்டும் இல்லை. மனித உயிர் விஷயமும்தான்.

தப்பித்த 263 பேர்!

அந்த ஊரில் 263 பேர் மட்டும் புயலுக்கு முன்பே ஜம்மென்று கிளம்பிவிட்டார்கள். 'பேர்' என்றால், நாலு கால் பேர்!

லூசியானா எஸ்.பி.சி.ஏ. என்ற காப்பகத்தில் இருந்த நாய், பூனைகள்தான் அவை. 1888-ல் ஆரம்பித்த பழைய அமைப்பு அது. புயல் வருகிறது என்றதும், சுமார் 560 கிலோ மீட்டர் தள்ளி டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் ஹூஸ்டன் எஸ்.பி.சி.ஏ. காப்பகத்திடம் பேசினார்கள். 263 விலங்குகளும் பத்திரமாக ஹூஸ்டன் போய்ச் சேர்ந்தன. பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் இவை இரண்டும் தனித்தனி அமைப்புகள். 'எங்க வீட்டுக்கு வாங்க' என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். நல்ல காலம்! நியூ ஆர்லியன்சில் அவை இருந்த கட்டடம் வெள்ளத்தில் நாசமாகிவிட்டது.

ஆனால், வீடுகளில் விடப்பட்ட ஆயிரக்கணக்கான நாய், பூனைகளின் கதி?

படகில் போன மீட்புக்குழு

நாட்டின் மூலை முடுக்கில் இருந்தெல்லாம் காப்பகத்துக்காரர்களும் கால்நடை டாக்டர்களும் சாதாரண மக்களும் வந்து குவிந்தார்கள். படகில் தெருத்தெருவாகப் போனார்கள். வீட்டுச் சுவரில் பெயின்ட்டால் குறிப்பு எழுதுவார்கள். 'பரணில் 2 பூனை', 'இங்கே நாய் மீட்கப்பட்டது', 'சாப்பாடு, தண்ணீர் வைத்தாயிற்று' என்று. அடுத்து வருகிற படகு அதைப் படித்துத் தெரிந்துகொள்ளும். முன்பின் பார்த்திராத இரண்டு குழுக்கள் சுவர் மூலமாகவே பேசிக்கொண்டன!

மீட்ட விலங்குகளை எங்கே வைப்பது? கொன்சாலஸ் என்ற ஊரில் 'லமார் டிக்சன்' என்று ஒரு பெரிய வளாகம் உண்டு. குதிரைக் கண்காட்சி நடத்தும் இடம். அந்தக் குதிரைக் கொட்டடிகளே நாய்களுக்கு வீடாயின. அங்கு மட்டும் சுமார் 8,500 விலங்குகள் வந்து போயின. நாய், பூனை மட்டுமா... கிளி, ஆமை, பாம்பு என்று எல்லாமும்தான். காது அடைக்கும் குரைப்பு! தன்னார்வலர்கள் விடிகாலையில் ஆரம்பித்து ராத்திரி வரை நாய்களை நடக்கவைப்பதும், கூண்டு கழுவுவதுமாக இருந்தார்கள்.

இடம் நிரம்பிவிட்டது. புதிதாக வருகிற நாய்க்கு இடம் வேண்டுமே! அதனால், ஏற்கனவே வந்தவற்றை வேறு மாநிலக் காப்பகங்களுக்கு அனுப்பினார்கள். கலிபோர்னியாவுக்குக்கூட விமானத்தில் போயின. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். அந்த நேரத்தில் வேறு வழியும் இல்லை.

பிரச்னை அங்கேதான் ஆரம்பித்தது.

பாட்டி ஒருவர் நாயைத் தேடுகிறார் என்று வையுங்கள். அவரே முகாமில் இருக்கிறார். நாய் மூவாயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால், ஏதோ ஒரு காப்பகத்தில். நாய்க்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியாது. கழுத்துப் பட்டையில் வீட்டு போன் நம்பர் இருந்தால்கூட என்ன பயன்? அந்த வீடே தண்ணீருக்குள்! மீட்ட விலங்குகளின் போட்டோக்களை பெட்ஃபைண்டர் என்ற இணையதளத்தில் போட்டார்கள். எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, 'காணவில்லை' பட்டியலையும் 'கிடைத்தது' பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 'கறுப்பு நாய், நடுத்தர உயரம்' என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வரும். எது பாட்டியின் நாய்?

மொத்தம் சுமார் 15,000 விலங்குகள் மீட்கப்பட்டதாகக் கணக்கு. அவற்றில் உரிமையாளரிடம் திரும்பிப் போனது ஐந்தில் ஒன்றுதான். கண்டுபிடித்துவிட்ட சில பேருக்கும் புதுச் சிக்கல். நாயை எடுத்து வளர்த்த புதுக் குடும்பம் அதன்மேல் பாசம் வைத்துவிட்டது. திருப்பித் தர மாட்டோம் என்றது. வழக்கு கோர்ட் வரை போனது. பழைய வீட்டுக்காரர் வேண்டுமென்றா விட்டுவிட்டுப் போனார்? ஆனால், மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்தவர் முகத்தையும் நினைத்துப் பாருங்கள். எனக்கென்னவோ, முதல் வீட்டுக்குத்தான் நாய் போகவேண்டும் என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் கேட்டுப் பாருங்கள், பெரிய சண்டையே வரும்!

சட்டம் வந்தது

டாம் லாண்டோஸ் என்ற எம்.பி.யால் ஸ்நோபால் செய்தியை மறக்க முடியவில்லை. பேரிடர் நேரத்தில் மக்களைக் காப்பாற்றத் திட்டம் போடும்போது வளர்ப்புப் பிராணிகளையும் சேர்த்துத்தான் திட்டம் போடவேண்டும் என்று மற்ற எம்.பி.க்களோடு சேர்ந்து சட்டம் கொண்டுவந்தார். 2006 அக்டோபர் 6-ம் தேதி அதிபர் ஜார்ஜ் புஷ் அதில் கையெழுத்திட்டார். 'பெட்ஸ்' சட்டம் என்றே அதற்குப் பெயர். ஒரு சின்னப் பையனின் அழுகை, சட்டமாகிவிட்டது!

சட்டம் ஒரு பக்கம். காப்பகங்கள் கற்றுக்கொண்ட பாடம் இன்னொரு பக்கம். இப்போது, ஆரம்பத்தில் சொன்ன அந்த முக்கியமான காரணத்துக்கு வருவோம்.

காப்பகத்தில் இரண்டு வகை நாய்கள் இருக்கும். ஒன்று, வீடே இல்லாத நாய். அதைத் தேடி யாரும் வரப்போவதில்லை. அது எந்த ஊருக்குப் போனாலும் நல்லதுதான், அங்கே ஒரு வீடு கிடைக்கலாம். இன்னொன்று, வெள்ளத்தில் தொலைந்துபோன நாய். அதற்கு வீடு இருக்கிறது. தேடி அழும் ஆள் இருக்கிறது. அது ஊரைவிட்டு நகரவே கூடாது! கேத்ரினாவின்போது தொலைந்த நாய்கள் தூரமாகப் போய்விட்டன. அதனால்தான் அவ்வளவு கண்ணீர்.

ஆகவே, புயலுக்கு முன்பே வீடில்லாத நாய்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டால்? உள்ளூர்க் கூண்டுகள் காலியாகும். தொலைந்து வருகிற நாய் அங்கேயே தங்கும். பாட்டி நடந்தே வந்து, "இதுதான் என் நாய்" என்று கூட்டிப்போகலாம். எவ்வளவு எளிமையான யோசனை பார்த்தீர்களா!

2017 ஆகஸ்ட் 25-ல் ஹார்வி புயல் டெக்சாஸைத் தாக்கியது. சில இடங்களில் 1,500 மில்லி மீட்டருக்கு மேல் மழை! ஒரு வருஷம் முழுக்கச் சென்னையில் பெய்யும் மழையைவிட அது அதிகம். 12 ஆண்டுகளுக்கு முன் 263 விருந்தாளிகளை வரவேற்ற ஹூஸ்டன் நகரமே இப்போது வெள்ளத்தில். ஆனால், இந்த முறை காப்பகத்துக்காரர்களுக்கு வேலை தெரிந்திருந்தது. புயலுக்கு முன்பே இங்கே இருந்த வீடில்லாத விலங்குகள் வெளியூர்களுக்குப் பறந்தன. செப்டம்பர் 12-ம் தேதி சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் பயணிகள் விமானம் ஒன்று, ஹூஸ்டனில் இருந்து 64 நாய், பூனைகளை ஏற்றிக்கொண்டு, கலிபோர்னியாவில் இருக்கும் சான் டியாகோ நகரில் போய் இறங்கியது. ஹெலன் வுட்வர்ட் என்ற காப்பகம் அவற்றை ஏற்றுக்கொண்டது. 64 கூண்டு அங்கே நிரம்பியது. 64 கூண்டு இங்கே காலியானது.

நாய்களின் ரிலே ரேஸ்

புயல் இல்லாத நாளிலும் இந்தப் பயணம் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் குட்டிகள் அதிகம், எடுத்து வளர்க்கும் ஆட்கள் குறைவு. வடகிழக்கு மாநிலங்களில் நாய்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பல வருஷமாக நடப்பதால் குட்டிகள் குறைவு; 'எங்களுக்கு ஒரு குட்டி கிடைக்குமா' என்று மக்கள் காத்திருக்கிறார்கள். இங்கே நிரம்பி வழிகிறது, அங்கே காலி. அனுப்பிவிட வேண்டியதுதானே?

சொல்வது சுலபம். ஒவ்வொரு நாய்க்கும் கால்நடை டாக்டர் பார்த்து, உடம்பு நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் தரவேண்டும். இல்லையென்றால் வேறு மாநிலத்துக்குள் விடமாட்டார்கள். தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஒரு குட்டிக்கு பார்வோ வைரஸ் இருந்தால்கூட லாரியில் இருக்கும் மற்ற குட்டிகளுக்கும் பரவிவிடும். தென் மாநில நாய்களுக்கு இன்னொரு தொல்லை, இதயப்புழு. கொசு கடித்தால் வரும். புழு இதயத்திலேயே போய்க் குடியிருக்கும். வைத்தியம் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். இதை எல்லாம் மறைக்காமல் இந்தக் காப்பகம் அந்தக் காப்பகத்துக்குச் சொல்லவேண்டும். ஏற்றுக்கொள்கிற காப்பகமும், தன்னிடம் உள்ள நாயை வெளியே தள்ளிவிட்டு இதை எடுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் அதற்குப் பெயர் உதவியா?

பயணம் எப்படி? சில குழுக்கள் காரிலேயே ரிலே ரேஸ் நடத்துகின்றன! ஒருவர் ஒன்றரை மணி நேரம் ஓட்டுவார். ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் அடுத்தவர் காத்திருப்பார். நாய், அதன் காகிதங்கள், அதன் துண்டு, எல்லாம் கைமாறும். இப்படிப் பத்து, பன்னிரண்டு பேர் கைமாற்றி நாய் ஊர் போய்ச் சேரும். ஓட்டம் பிடித்துவிடக் கூடாது என்பதால் கைமாற்றும்போது இரண்டு சங்கிலி போட்டிருப்பார்கள். 2008-ல் தொடங்கிய 'பைலட்ஸ் என் பாஸ்' என்ற அமைப்பில், சொந்தமாகக் குட்டி விமானம் வைத்திருப்பவர்கள் தங்கள் செலவிலேயே பெட்ரோல் போட்டு நாய்களை ஏற்றிப் போகிறார்கள். பின் சீட்டில் நாலு நாய் உட்கார்ந்து மேகத்தை வேடிக்கை பார்க்கும் காட்சியை நினைத்துப் பாருங்களேன்!

இன்னொரு குட்டி உதவியாளரையும் சொல்லவேண்டும். மைக்ரோசிப்! அரிசி மணி அளவுதான் இருக்கும். நாயின் தோள்களுக்கு நடுவே, தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்திவிடுவார்கள். அதில் பாட்டரி கிடையாது. நாய் எங்கே இருக்கிறது என்றும் அது காட்டாது. பலரும் அப்படி நினைக்கிறார்கள், தப்பு. மேலே ஒரு ஸ்கேனரைக் காட்டினால், அதில் இருந்து வரும் ரேடியோ அலையின் சக்தியால் சிப் விழித்துக்கொண்டு ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண்ணை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்கலாம். கேத்ரினா சமயத்தில் மிகக் குறைந்த நாய்களுக்கே இது இருந்தது. அதிலும், ஒரு கம்பெனி சிப்பை இன்னொரு கம்பெனி ஸ்கேனரால் படிக்க முடியாத கூத்தும் நடந்தது. இப்போது எல்லாவற்றையும் படிக்கும் ஸ்கேனர்கள் வந்துவிட்டன.

எத்தனை காப்பகங்கள் கைகோக்க முடியும் என்று கேட்டால், 2022-ல் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லலாம். வர்ஜீனியா மாநிலத்தில், ஆராய்ச்சிக் கூடங்களுக்கு விற்பதற்காக பீகிள் நாய்களை வளர்த்த ஒரு பண்ணையில் விதிமீறல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. அங்கே இருந்தவை ஒன்று இரண்டு இல்லை, சுமார் 4,000 நாய்கள்! அறுபதே நாளில் எல்லாவற்றையும் வெளியேற்றக் கோர்ட் அனுமதி தந்தது. எந்தக் காப்பகத்தால் நாலாயிரம் நாய்களை வைத்துக்கொள்ள முடியும்? நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட காப்பகங்கள் பத்து, இருபது, ஐம்பது என்று பிரித்து எடுத்துக்கொண்டன. செப்டம்பர் முதல் தேதி கடைசி நாயும் வெளியே வந்துவிட்டது.

நியூ ஆர்லியன்ஸ் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? லூசியானா எஸ்.பி.சி.ஏ. ஆற்றின் மறுகரையில் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டது. 2021-ல் ஐடா என்ற பெரிய புயல் லூசியானாவுக்கு வந்தது. என்ன தேதி தெரியுமா? அதே ஆகஸ்ட் 29! கேத்ரினா வந்து சரியாக 16 ஆண்டுகள். நியூ ஆர்லியன்சைச் சுற்றிப் பலப்படுத்திக் கட்டிய கரைகள் இந்த முறை தாங்கின. ஆனால், ஊர் முழுக்க கரன்ட் போய்விட்டது. லூசியானாவின் காப்பகங்களில் இருந்த வீடில்லாத நாய், பூனைகள் லாரியிலும் விமானத்திலும் வெளி மாநிலங்களுக்குக் கிளம்பிப் போயின. கழுவித் துடைத்த கூண்டுகள், தொலைந்துபோன யாருடைய நாயாவது வரும் என்று கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தன.